இருசு: ஒரு ஜீப்பின் பின்னச்சைத் தேடிய கதை

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம்.

சென்ற துலாவர்ஷத்தின் கடைசி மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விதுரையிலிருந்து திரும்பும் வழியில், நெடுமங்காட்டிற்குச் சற்று முன்னால் எங்கள் ஜீப் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. கியர் விழுந்தது, கிளட்சும் சரியாக இருந்தது, எஞ்சின் உறுமியது. வண்டி மட்டும் நகரவில்லை. வலப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு அரைக்கும் ஓசை வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த தம்பி இறங்கிப் பார்த்தான். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியப்பா இறங்கவே இல்லை. கண்ணை மூடி ஓசையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இருசு போச்சு மக்கா.”

அந்தச் சொல்லை அதற்கு முன் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கிழக்கேகோட்டையையும் சாலைக் கம்போளத்தையும் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுமொழி என் ஆய்வுப்பொருள். பெரியப்பா என் முதல் தகவலாளர். பல மாதங்களாக அவரது பேச்சைப் பதிவு செய்திருக்கிறேன். வண்டி உறுப்புகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்டபோது ஆக்சில், ஷாஃப்ட், ஹப் என்று ஆங்கிலப் பெயர்களையே வரிசையாகச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பட்டியல் என்பதால் ‘நல்ல’ சொற்களாகத் தேர்ந்து சொல்லியிருக்கிறார். அச்சு முறிந்த பிறகுதான் ‘இருசு’ வந்தது.

இந்தப் பதிவு அந்த அச்சுக்கு மாற்றுத் தேடியதைப் பற்றியது. ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஆனால் ஆய்வேட்டின் ஓர் இயலை நான் திருத்தி எழுத இதுதான் காரணம்.

முதலில் வண்டி. தாத்தாவுக்கு ஆரியசாலையில் மலஞ்சரக்குக் கடை. விதுரைப் பக்கம் சிறிது மிளகும் ரப்பரும் இருந்தன. அந்த மலைப்பாதைக்காக 1960களின் நடுவில் அவர் வாங்கியது மஹிந்திராவின் சிஜே-3பி ஜீப். வில்லிஸ் நிறுவன ஜீப்புகளை மஹிந்திரா இந்தியாவில் இணைத்துக் கட்டத் தொடங்கியது 1947இல். போர்க்கால ஜீப்பைவிட இதன் முன்மூடி உயரமானது. ‘ஹரிகேன்’ என்று பெயர்பெற்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அந்த உயரத்தைக் கேட்டது. பலரும் டீசல் எஞ்சினுக்கு மாறிய காலத்திலும் தாத்தா மாற்றவில்லை, பெரியப்பாவும் மாற்றவில்லை. கை நடுக்கம் காரணமாக இப்போது பெரியப்பா ஓட்டுவதில்லை. மாதம் ஒருமுறை யாராவது விதுரைக்கு அழைத்துப் போனால் போதும் என்பார்.

அன்று ஜீப் வீடு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெரியப்பா இருக்கையில் இருந்தபடியே, “முன்சக்கரத்தப் போடுலே” என்றார். நான்கு சக்கர இயக்கத்துக்கான நெம்புகோலைத் தம்பி தள்ளினான். பின்னச்சு வெறுமனே சுழல, முன்னச்சு இழுத்துக்கொண்டு வந்தது. நடை வேகத்துக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுத்தி அந்தச் சக்கரத்தின் நட்டைச் சோதித்தபடி, இருட்டிய பின் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலைக் கடந்தோம்.

மறுநாள் கிள்ளிப்பாலத்துப் பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். கேரளத்தில் மூத்த மெக்கானிக்கை ‘ஆசான்’ என்றே அழைப்பார்கள். எங்கள் ஆசான் மலையாளமும் தமிழும் கலந்து விளக்கினார். இந்த ஜீப்பின் பின்னச்சுத் தண்டு முனையில் கூம்பாகக் குறுகும். அந்தக் கூம்பில் ஹப் இறுக்கமாகப் பொருந்தும். இரண்டும் தனித்தனியே சுழலாதபடி நடுவே சிறு ‘கீ’ ஒன்று இருக்கும். நட்டு தளர்ந்து, கீ வெட்டுண்டு, கூம்பும் அரைபட்டுவிட்டது. எண்ணெய்க் கசிவைக் கவனிக்காததால் கிரவுன் சக்கரத்தின் பற்களிலும் குழிகள் விழுந்திருந்தன. தண்டை மட்டும் மாற்றினால் போதாது. பின்னச்சு முழுவதும் மாற வேண்டும்.

ஆசான் இன்னொன்றும் சொன்னார். அச்சுத் தண்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வண்டியின் பாரத்தை வெளிக்குழாய் தாங்கும். தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டும் செய்யும். தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. லாரிகளிலும் போர்க்கால ஜீப்பின் பின்புறத்திலும் இருந்தது அந்த வகை. மற்றதில் தண்டே பாரத்தையும் தாங்கும், சுழற்றவும் செய்யும். எங்களுடையது இரண்டாம் வகை. நெடுமங்காட்டிலிருந்து சக்கரம் கழலாமல் வந்து சேர்ந்தது அந்த ஒற்றை நட்டின் தயவு.

மூன்று வாரத் தேடலுக்குப் பின் மூன்று அச்சுகள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்றின் அச்சு, எங்களுடையதன் உடன்பிறப்பு. கிரவுனில் 43 பற்கள், பினியனில் 8. சக்கரம் ஒருமுறை சுழலப் பினியன் ஏறத்தாழ 5.38 முறை சுழல வேண்டும். இரண்டாவது, பின்னாளைய ஜீப் ஒன்றினுடையது. அகலம் கூடியது, கூம்பும் கீயும் இல்லாத உறுதியான தண்டு, 39க்கு 8 பற்கள், விகிதம் 4.88. மூன்றாவது, காருக்குரிய அச்சு. 41க்கு 10; விகிதம் 4.10. பழைய இரும்புக் கடையில், இங்கத்திய வழக்கில் ஆக்கிரிக் கடையில், தம்பி கண்டெடுத்தது இது.

தம்பி டெக்னோபார்க்கில் மென்பொருள் பணியில் இருக்கிறான். ஜீப்பை ‘ஹாட் ராட்’ ஆக்க வேண்டும் என்பது அவனது நெடுநாள் கனவு. பழைய வண்டியின் கூட்டை வைத்துக்கொண்டு, எடையைக் குறைத்து, எஞ்சினையும் அச்சையும் மாற்றி விரைவு வண்டியாக்கும் கலை அது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டு கார்களை அவ்வாறு மாற்றி ஓட்டினார்கள். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதன் பின்னச்சு பாஞ்சோ என்ற இசைக்கருவியின் வடிவில் இருந்ததால் அந்தப் பெயரையே பெற்றது. எஞ்சினின் ஆற்றல் கூடக்கூட அந்த அச்சு தாங்காமல் போயிற்று. 1957இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய ஒன்பது அங்குலப் பின்னச்சு பிற்காலத்தில் பலரின் விடையாயிற்று. பின்மூடியைத் திறந்து இரு பற்சக்கரங்களை மாற்றினாலே விகிதம் மாறிவிடும் ஹாலிபிராண்ட் அச்சை வேறு சிலர் நாடினார்கள். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டப்படும் திறந்த ஜீப்புகள். எஞ்சின் ஒன்றிலிருந்து, அச்சு வேறொன்றிலிருந்து, கூடு உள்ளூர்க் கொல்லரிடமிருந்து.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தம்பி என்னை மடக்கினான். “இதுல எதுக்கா ஒரிஜினல்? டயர் மாறியிருக்கு, ஒயரிங் மாறியிருக்கு, மேற்கூரைய மூணு தடவ தச்சிருக்கு. அச்சு மட்டும் ஏன் பழசா இருக்கணும்?”

நல்ல கேள்வி. எங்கள் ஊரின் வரலாறே அவன் பக்கம் பேசும். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து தொடங்கியபோது ஓடிய பேருந்துகளின் அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. கூடு கட்டியது இங்கே. திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சின் மேல்தான் அது இன்று உருள்கிறது. அதை ஆழித்தேர் இல்லை என்று சொல்பவர் யாருமில்லை.

ஆகவே, ‘பழையது ஆகையால் நல்லது’ என்ற வாதத்தை நான் கைவிட்டேன். அதற்கு முன் அந்த வாதத்தின் சட்டப்பூர்வ வடிவத்தையும் பார்த்தோம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தொன்மை வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி, முதல் வடிவில் பேணப்பட்டிருந்தால், ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்த மாற்றம் உள்ளிட்ட பெரும் மாற்றங்கள் கூடா. அச்சைப் பற்றி அந்தத் தொடர் பேசவில்லை. மொழியியல் படித்த பழக்கத்தால் அந்த ‘உள்ளிட்ட’ என்ற சொல்லில் ஒரு மாலை முழுவதும் நின்றேன். சொல்லப்பட்டவை மட்டுமா, சொல்லப்படாதவையும் அடங்குமா?

பெரியப்பா அடுத்த விதியை வாசிக்கச் சொன்னார். அவ்வாறு பதிவுபெற்ற வண்டியைச் சாலையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். “ஓடப்படாதுன்னா அது என்னத்துக்கு மக்கா வண்டி?” என்று கேட்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

தம்பியின் கனவுக்கும் சட்டத்தில் தடை இருந்தது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. முதல் வடிவில் வைத்தால் ஓட்ட முடியாது. ஓடும் வடிவுக்கு மாற்றினால் பதிவே கேள்விக்குள்ளாகும். இரண்டுக்கும் நடுவில், பட்டறைத் தரையில், மூன்று அச்சுகள் கிடந்தன.

முடிவு கணக்கில் கிடைத்தது. ஆசான் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் போட்ட கணக்கை நான் வீட்டில் விரித்து எழுதினேன். எங்கள் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.26 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில், நேர் கியரில் ஓடினால், 5.38 விகிதத்தில் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டர். 4.88 என்றால் 70, 4.10 என்றால் 83. கழக்கூட்டம் புறவழிச்சாலையில் தம்பிக்கு வேண்டியது இந்தக் கடைசி எண். ஆனால் வேகத்தில் வருவது இழுவையில் போகும். அதே எஞ்சின், அதே கியர், 4.10 அச்சைவிட 5.38 அச்சு சக்கரத்துக்கு ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதல் திருகுவிசை தரும். விதுரைக்கு மேலே பொன்முடிப் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள். அங்கே அந்த 31 விழுக்காடுதான் ஏறும்.

காரின் அச்சுக்கு இன்னொரு தடை. இந்த ஜீப்பில் பின்னச்சுக்குச் செல்லும் தண்டு வண்டியின் நடுவில் ஓடுவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் வலப்புறத்திலிருந்து புறப்படுகிறது. அதனால் பின்னச்சின் உருண்டையும் நடுவிலிருந்து வலப்புறம் விலகியே இருக்கும். அமெரிக்கருக்கு அது பயணி பக்கம், நமக்கு ஓட்டுநர் பக்கம். உருண்டை நடுவில் இருக்கும் கார் அச்சைப் பொருத்தினால் தண்டு சாய்ந்து ஓடும். இணைப்புகள் விரைவில் தேயும். லீஃப் பட்டைகள் உட்காரும் இடங்களையும் வெட்டி ஒட்ட வேண்டும். மூன்றாவது அச்சு அத்துடன் விலகியது.

இரண்டாவது அச்சு உண்மையிலேயே நல்லது. எங்கள் பழைய அச்சைவிட வலிமையானது. அதை எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். அப்போது ஆசான் கேட்டார்: “முன்னில் உள்ளதோ?”

முன்னச்சின் விகிதம் 5.38. நான்கு சக்கர இயக்கத்தில் முன்தண்டும் பின்தண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். முன்னச்சு ஒரு விகிதத்திலும் பின்னச்சு வேறொன்றிலும் இருந்தால் இரு சோடிச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும். சாலை அதற்கு இடங்கொடாது. இடையிலுள்ள பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். பின்னச்சை 4.88க்கு மாற்றினால் முன்னச்சையும் மாற்ற வேண்டும், இல்லையேல் முன்சக்கர இயக்கத்தையே மறந்துவிட வேண்டும். அன்று நெடுமங்காட்டிலிருந்து எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த முன்சக்கர இயக்கம்தான்.

மொழியியல் வகுப்பின் முதல் மாதத்தில் சசூரைப் படிக்கிறோம். மொழியின் ஓர் உறுப்புக்குத் தனியாக மதிப்பில்லை. மற்ற உறுப்புகளோடு அது கொள்ளும் உறவிலேயே மதிப்பு இருக்கிறது. தேர்வில் இதைப் பலமுறை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். அதன் எடை எனக்குப் புரிந்தது கிள்ளிப்பாலத்தில், எண்ணெய்க் கறை படிந்த தரையில், ‘முன்னில் உள்ளதோ’ என்ற இரண்டு சொற்களில்.

புரிந்தபோது வெட்கமும் வந்தது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் தகவலாளர்களின் சொற்களை மூன்று நிரல்களாகப் பிரித்திருந்தேன்: தமிழ், மலையாளம், பிற. முதல் நிரலை ‘கோட்டைத் தமிழின் அசல் சொற்கள்’ என்று கொண்டு, மற்ற இரண்டையும் பிற்சேர்க்கைக்குத் தள்ளினேன். ஒரு பாட்டியின் பேச்சை எழுத்தாக்கும்போது அவர் இடையிடையே சொன்ன மலையாளத் தொடர்களைப் புள்ளிகளாக மாற்றிவிட்டேன். ஒலிப்பதிவு இருக்கிறது, பாட்டி இப்போது இல்லை. அந்தப் புள்ளிகளுக்குள் இருந்த தொடர்களோடு சேர்ந்துதான் அவரது தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. விஏ பதிவெண் வழங்கும் அதிகாரியைப்போல நான் நடந்துகொண்டிருக்கிறேன்: முதல் வடிவில் இருந்தால் சான்றிதழ் உண்டு, ஆனால் ஓடக்கூடாது.

‘இருசு’ என்ற சொல்லைத் தேடிப் போனேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் அச்சு என்ற பொருளில் இருக்கிறது. ‘அச்சு’க்கோ பல இருப்பிடங்கள். வார்ப்புக்கும் அச்சு, அச்சகத்திலும் அச்சு, இங்கிருந்து அரை மணிப் பயணத்தில் பாலராமபுரத்துத் தறிகளில் நூலை ஒழுங்குபடுத்தும் கருவியும் அச்சு. வண்டியின் அச்சை வடமொழியின் ‘அக்ஷ’த்தோடு இணைத்துப் பார்ப்பார்கள், அந்த அக்ஷத்துக்கு லத்தீனின் ‘ஆக்ஸிஸ்’, ஆங்கிலத்தின் ‘ஆக்சில்’ எல்லாம் உடன்பிறப்புகள். ஆசானின் ஆக்சிலும் குறளின் அச்சும் ஒரே குடும்பம் என்றால், என் மூன்று நிரல்களில் எதை எங்கே வைப்பது?

பிறகு காரியவட்டம் நூலகத்தில் வ.அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவை எடுத்தேன். நாகர்கோவில் வடசேரிக்காரரான அவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1962இல், கேரளப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. அது என்னை 102ஆம் பாட்டுக்கு இட்டுச் சென்றது. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகர் பாரம் ஏற்றிய வண்டியோடு புறப்படுகிறார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகையால் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். அந்த வணிகருக்கு அச்சு பழையதா புதியதா என்ற கேள்வி இருந்திருக்காது. என்ன பாரம், எந்த வழி, இந்த வண்டிக்குப் பொருந்துமா என்பவையே இருந்திருக்கும்.

நாங்கள் முதல் அச்சை எடுத்தோம். 43க்கு 8. முன்னச்சோடு பொருந்துகிறது, மலை ஏறுகிறது, அதுவே காரணம். தண்டுகளும் கீகளும் புதியவை. பட்டறையில் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தபோது ஆசான் மறுத்துவிட்டார். முறையாகச் சூடேற்றிக் கடினமாக்காத தண்டு மறுபடியும் முறியும் என்றார். முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. கூம்பு அப்போதுதான் முழுமையாக உட்காருமாம்.

தம்பிக்கு வருத்தம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. புறவழிச்சாலையில் லாரிகள் அவனைத் தாண்டிப் போகும். ஆனால் அவன் அந்த இரண்டாவது அச்சை விடவில்லை. அதற்கேற்ற முன்னச்சையும் தேடிப் பிடித்து, இரண்டையும் கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி, வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறான். என்றைக்காவது இரண்டையும் சேர்த்து மாற்றுவேன் என்கிறான். சேர்த்து மாற்றுவதானால் எனக்கும் மறுப்பில்லை.

சென்ற மாதம் விதுரைக்குப் போய் வந்தோம். பெரியப்பாவின் ஆசைக்காகப் பொன்முடி வரை ஏறினோம். வளைவுகளை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினாறாம் வளைவில் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினேன். இருசு, கடையாணி, குடம், வட்டை, நுகத்தடி. தாத்தாவின் கடைக்குச் சரக்கு ஏற்றிவந்த மாட்டுவண்டிகளின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவே மலையாளமும் வந்தது. எதையும் புள்ளியாக்கவில்லை.

இரண்டாம் இயலை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரல்கள் போய்விட்டன, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே யார், எப்போது, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது சொன்னார் என்று குறிக்கிறேன். களப்பணி செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று மட்டும்: சுவதேஷின் பட்டியலில் அச்சு கிடையாது. தகவலாளரை நாற்காலியில் அமர்த்திக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவரது வேலையோடு கூடப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ‘இருசு’ வழக்கில் இருக்கிறதா? வண்டி கட்டிய, ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்; திருத்த வேண்டாம்.